அல்லது அதற்கு மேல்

மென்பொருள் பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, எழுதுகிறவரும்தான். இன்னின்ன கம்ப்யூட்டர் அல்லது அதற்கு நூறு சதவீதம் கம்பாட்டிபிளான வேறொன்று, மல்டிமீடியா வசதியுடன், அல்லது அதற்கு மேல். எந்தக் கம்ப்யூட்டருக்கு இணக்கம் என்று சொல்கிறதோ அந்தக் கம்ப்யூட்டரே கடைகளில் இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆயிற்று. ஆனாலும் மென்பொருள் கம்பெனியில் கையேடும் பெட்டி வாசகமும் எழுதும் நம் கையேட்டுக்காரர் ஒவ்வொரு பதிப்புக்கும் பழைய வரியை எடுத்து அப்படியே ஒட்டிவந்தார். தாத்தா பேரில் இன்னும் கரண்ட் பில் வருவதில்லையா, அது மாதிரி.

கம்பெனியில் சோதிக்கும் முறையும் அதற்கு ஏற்றதுதான். மூலையில் 'பெரியவர்' என்று எல்லோரும் அழைக்கும் ஒரு பழங்காலக் கம்ப்யூட்டர். புதுப் பதிப்பு எதுவானாலும் அதில் மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். கிழவரே மலை உச்சிக்கு ஏறிவிட்டால் வாலிபர்களைத் தனியாகச் சோதிப்பானேன் என்பது இயக்குநரின் தத்துவம். ஆண்டு விழாவில் அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார்.

கையேட்டுக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்திருந்தார். இன்றைக்கு மூச்சு திடீரெனத் தடுமாறலாம், கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கவனிப்பது கையேட்டுக்காரரின் கம்பெனி மென்பொருள். எந்தக் கட்டிலில் மூச்சு குறைந்தாலும் நர்ஸ் மேசையிலுள்ள கம்ப்யூட்டர் அலறும். எனவே அவர் கொஞ்சம் பெருமையோடுதான் பார்க்கப் போனார்.

"உங்க ஆபீஸ் சாமான்தான் என்னைப் பாத்துக்குதாமே," என்றார் மச்சான். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா உயில் எழுதிட்டுப் படுத்திருப்பேன், மாப்ள."

சொல்லிவிட்டு, மூக்கைச் சொறிவதற்காக விரலில் மாட்டியிருந்த, மூச்சை அளக்கும் கிளிப்பைக் கழற்றினார். எதிர் மேசைத் திரையில் அவருடைய எண் மறைந்து கட்டம் சிவந்தது. கையேட்டுக்காரர் காதைப் பொத்தத் தயாரானார். பெரியவர் அலறினால் மேல்மாடிவரை கேட்கும். இங்கே பேனா மூடியை மூடினாற்போல 'டிக்' என்றது. அவ்வளவுதான். முதுகைக் காட்டி மாத்திரை பிரித்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பவில்லை.

மச்சான் கிளிப்பை மாட்டிக்கொண்டார். "என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

கம்ப்யூட்டர் புதுசா என்று கையேட்டுக்காரர் நர்ஸிடம் கேட்டார். போன வாரம்தான் வந்தது என்றார் அவர். பெட்டியில் 'அல்லது அதற்கு மேல்' என்றிருந்ததால், மேலிலும் மேலாக வாங்கிவிட்டார்களாம். பழையது காயலான் கடைக்குப் போயிற்று.

கையேட்டுக்காரருக்கு விஷயம் புரிந்தது. இன்ன எண்வரை எண்ணி முடிக்கும்மட்டும் சத்தம் போடு என்பதுதான் அலாரத்துக்கு இட்ட கட்டளை. கையேட்டில் அவரே விளக்கியிருக்கிறார். பெரியவர் மூச்சு வாங்கி வாங்கி எண்ணுவார். இதுவோ கண்ணாமூச்சியில் கள்ளாட்டம் ஆடும் பிள்ளைபோல, ஆரம்பிக்கும் முன்பே எண்ணி முடித்துவிடுகிறது.

வராந்தாவுக்கு ஓடி இயக்குநருக்கு போன் போட்டார். சத்தம் வருகிறதல்லவா, பிறகென்ன என்று கேட்டார் இயக்குநர். எவ்வளவு நேரம் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரி கொடுத்த தேவைப் பட்டியலில் எங்கும் சொல்லவில்லையே என்றார். தரம், பாரம்பரியம், வாடிக்கையாளர் நம்பிக்கை என்று கொஞ்ச நேரம் பொழிந்தார். பிறகு குரல் இறங்கியது.

"வாயத் தொறக்காதீங்க. 'அதற்கு மேல்'னு எழுதினது உங்க கை."

கையேட்டுக்காரர் அந்தக் கையாலேயே போனைப் பையில் போட்டார். வேலை போகும், கேஸ்கூட வரலாம். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். மச்சான் தூங்கிப்போயிருந்தார். நர்ஸ் கடைசிக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே 'டிக்' என்றிருந்தால் இங்கே கேட்டிருக்குமா?

ஓடிவந்தார். "சிஸ்டர், அந்த அலாரம் அடிச்சாலும் உங்களுக்குக் கேக்காது."

நர்ஸ் நம்பவில்லை. கையேட்டுக்காரர் மச்சானின் கிளிப்பைக் கழற்றிக் காட்டினார். சிவப்பு. டிக். நர்ஸ் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு வாரமா சத்தமே இல்லையேன்னு நிம்மதியா இருந்தேன்," என்றார் மெல்ல.

மேலிடத்துக்குச் சொல்லியாயிற்று, வேறு ஏற்பாடு சாயங்காலம்தான் என்றார்கள். வார்டுக்கோ நர்ஸ் ஒருவர்தான். திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஆள் வர்ற வரைக்கும் நீங்கதான் அலாரம். செவப்பு தெரிஞ்சா கத்துங்க."

கையேட்டுக்காரர் உட்கார்ந்தார். கட்டிலுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஓர் எண். இமைக்கப் பயமாக இருந்தது. பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மனைவி வந்து, அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றார்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் திரும்பவில்லை. மச்சானின் எண் ஒன்று இறங்கியது. நின்றது. பிறகு மளமளவென்று சரிந்தது. கட்டம் சிவக்குமுன்பே அவர் கத்திவிட்டார்; வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்ஸ் பாய்ந்துபோய் மச்சானைத் தட்டி எழுப்பி, முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை அழுத்தினார்.

மூச்சு திரும்பிவிட்டது என்று மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் கண் அதற்குள் அடுத்த கட்டிலின் எண்ணுக்குப் போயிருந்தது.