பிஸ்டனுக்கு வைத்த பொட்டு

அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்துப் பச்சையப்பன் தன் மோட்டார் சைக்கிளை வாசலில் பிரித்துப் போட்டிருந்தான். அவன் கையில் மஞ்சள் காப்பு இருந்தது. திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு கட்டிய காப்பு. கட்டியவர்கள் தீ மிதிக்கும் வரை ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது, மனைவியைத் தொடக் கூடாது, கோபப்படவும் கூடாது.

முதல் விதிதான் அவனைக் கலக்கியது. மறுநாளிலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பித் தொழிற்சாலையில் அவனுக்கு இரண்டாம் ஷிப்டு. வேலை முடியும் நேரத்தில் ஊருக்குத் திரும்ப ரயில் கிடையாது. மற்ற நாளென்றால் அங்கேயே கொட்டகையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவான். இப்போது வண்டி ஓடினால்தான் ஊர் திரும்பலாம். வண்டியோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து, எண்ணெயைக் குடித்துப் புகையாகக் கக்கி, எளாவூர் தாண்டி ஒரு சின்ன மேட்டில் உட்கார்ந்தேவிட்டது. லீவு கேட்டால் சீட்டுக் கிழியும். கொட்டகையில் தங்கினால் விரதம் கலையும்.

புது ரிங்குகளை மெட்ராஸிலிருந்து வரவழைத்துவிட்டான். "மெக்கானிக்கு எதுக்கு? நானே மாட்டிக்குவேன்" என்றான்.

"போன தபா கடியாரத்துக்கும் இதையேதான் சொன்னீங்க" என்றாள் மனைவி கோவிந்தம்மா. "அது இன்னும் சோத்துப் பானை மூடி மேல துண்டு துண்டா கெடக்குது."

கோபப்படக் கூடாது என்பதால் பச்சையப்பன் சிரித்து வைத்தான்.

பிஸ்டனில் அப்பியிருந்த கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். அது குளித்த பிள்ளை மாதிரி பளபளத்தது. பார்க்கப் பார்க்க அவனுக்கு மனசு நிறைந்தது. பொட்டு வைக்காமல் விடலாமா? மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துப் பிஸ்டனின் பக்கவாட்டில் தாராளமாக ஒரு பொட்டும், அதன் மேல் குங்குமமும் வைத்தான். கும்பிட்டுவிட்டுக் கூழ் குடிக்கப் போனான். குடித்து வந்து ரிங்குகளைப் பிஸ்டனில் மாட்டினான்.

ரிங் என்பது ஓரிடத்தில் வாய் திறந்த இரும்பு வளையல். பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளத்தில் உட்காரும். ஆனால் விறைத்துக்கொண்டே நிற்கும். வாய் மூடும்படி விரல்களால் அழுத்திப் பிடிக்கும்போதே, பிஸ்டன் ஏறி இறங்கும் குழலான சிலிண்டரை மேலிருந்து இறக்க வேண்டும். அழுத்த இரண்டு கை, இறக்க இரண்டு கை. பச்சையப்பன் முழங்காலையும் மோவாயையும் சேர்த்துப் பார்த்தான். போதவில்லை.

"நீ கொஞ்சம் புடியேன்."

"காப்பு கட்டின கைய நான் தொடலாமா? எங்கக்கா ஊட்டுக்காரரு பக்கத்துல சும்மாதான் குந்தினுகீறாரு. கூப்பிடட்டுமா?"

பச்சையப்பன் முகம் சுருங்கியது. அவள் சொன்னது சகலை துளசிராமனை. பொங்கலன்று உறவுக்காரர் அத்தனை பேர் முன்னாலும், "எங்க சகல வண்டி தெருவுல ஒரு தபா போச்சின்னா மூணு நாளைக்குக் கொசு வராது. பஞ்சாயத்துல டப்பு குடுத்து ஓட்டச் சொல்லணும்" என்றவன் அவன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"காப்பு கட்டிக்கினு மனசுல கோவமா?" என்றாள் கோவிந்தம்மா.

"கோவம் யாருக்கு? பேசறதில்ல, அவ்ளோதான்."

"ரெண்டும் வேற வேறயான்னு அம்மனையே கேட்டுக்கினு வர்றேன்." சொல்லிவிட்டுப் போனவள் கோயில் பக்கம் திரும்பவில்லை, அக்காள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

துளசிராமன் உடனே வந்துவிட்டான். அவன் கையிலும் காப்பு. "எங்க புடிக்கணும் சகல?" என்று மட்டும் கேட்டான்.

பச்சையப்பன் நிமிரவில்லை. "இங்க. வாயி மூடற வரைக்கும் அழுத்தணும்."

"யாரு வாயி? என்னுதா?"

பச்சையப்பன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினான்.

நான்கு கைகள் சேர்ந்தன. சிலிண்டர் பாதி இறங்கி முட்டியது. மறுபடியும் அதே இடத்தில் முட்டியது.

"சைஸு தப்பு. ஏமாத்திட்டானுங்க" என்றான் பச்சையப்பன். "நாளைக்கு நான் இன்னா பண்ணுவேன் சகல?"

துளசிராமன் ரிங்கைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டினான். ஓரிடத்தில் ரிங் நக அளவு தூக்கி நின்றது. மெதுவாக வாயைத் திறந்து அதைக் கழற்றினான். பள்ளத்துக்குள், காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது மஞ்சள். அதன் மேல் குங்குமம்.

ஊரே பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சிரிக்கக்கூடிய சங்கதி. துளசிராமனின் மீசை நுனி துடித்தது. பச்சையப்பனுக்குக் காது மடல் சுட்டது. கோவிந்தம்மா வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா மாமா அது?"

துளசிராமன் சட்டென்று குனிந்து தன் உடம்பால் பிஸ்டனை மறைத்தான். தீக்குச்சியால் சுரண்டினான். துண்டின் முனையை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தான். "மண்ணு. காத்துல வந்து ஒட்டிக்கினு கீது" என்றான், அவளுக்குக் கேட்கும்படி.

பொய்தான். வாயில் முட்டி நின்ற கேலியை விழுங்கி, இன்னொருவன் மானத்துக்காகச் சொன்ன பொய். அம்மன் அதைக் குற்றமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்றே நம்புகிறேன்.

இந்த முறை சிலிண்டர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மீதியையும் மாட்டி முடித்து உதைத்தபோது வண்டி கிளம்பியது. மாட்டும்போது தடவிய எண்ணெயெல்லாம் எரிந்து ஒரே புகை. தெருக்கோடி மறைந்தது. துளசிராமன் இருமினான், வானத்தைப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் படும் அவஸ்தையைப் பச்சையப்பனால் தாங்க முடியவில்லை.

"இன்னா சகல, மூணு நாளைக்குக் கொசு வராதில்ல?"

"நைனா, நான் ஒண்ணும் சொல்லல!"

"நான் சொல்றேன். கோவிந்தம்மா, அது மண்ணு இல்ல. நான் வெச்ச பொட்டு!"

கோவிந்தம்மா சிரித்த சிரிப்பில் அக்காளும் ஓடி வந்தாள்.

திங்கட்கிழமை ஷிப்டு முடித்துப் பச்சையப்பன் புகையில்லாமல் ஊர் திரும்பினான். காப்பு கட்டியவர்கள் படுக்கும் கோயில் மண்டபத்தில் துளசிராமன் விரித்து வைத்திருந்த பாயில் படுத்தான். விடிந்ததும் துளசிராமன் கொசு கடித்துத் தடித்துப்போன முழங்கையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"ஒரே பேஜாரு சகல. பழைய ரிங்க எங்க போட்ட?"