அக்கா பல் தேய்த்த கதை

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவமனையில், காத்திருக்கும் அறையில் பிறந்தது. அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு நானும் அவள் கணவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். மாமா தையல்காரர். சும்மா இருக்கத் தெரியாத அவர் கைகள் அன்று மடியில் கிடந்தன.

"மாசக்கணக்கா அவ பல்லே தேய்க்கலடா," என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

(திருத்தம்: பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.)

2

'ரயில் நிலைய அறிவிப்பாளரான அவளுடைய குரலுக்கு ஊரே —'

இந்தத் தொடக்கம் வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள்.

'அந்தத் துயரத்துக்குப் பிறகு அவள் —'

எந்தத் துயரம்? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். உங்களுக்குக் காரணம் தேவைப்படுமே என்று ஒரு சாவை எழுதி, அக்காவிடம் காட்டினேன்.

"யாருடா செத்தா? எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலதான் யார்கிட்டயும் சொல்ல முடியல."

சாவை அடித்துவிட்டேன்.

3

நடந்தது இதுதான். அக்காவுக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை நோய். மாத்திரையும் நடையுமாகக் கட்டுக்குள் வைத்திருந்தாள். போன மழைக்காலத்தில் மனம் படுத்துவிட்டது. வேலைக்குப் போவாள், வந்ததும் படுப்பாள். நடை நின்றது. பிரஷ் காய்ந்தது. மாத்திரை பாதி நாள் மறந்தது. ஈறில் ரத்தம், பிறகு சீழ். முன்பல் ஆடியதில் 'ச' எல்லாம் விசிலாக வர, மைக்கைக் கண்டாலே பயந்தாள். மருந்தைக் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை.

எங்களையும் உள்ளே கூப்பிட்டார் பல் டாக்டரம்மா. திட்டவில்லை. "ஈறுல சீழ் இருந்தா சுகர் லேசுல இறங்காது. சுகர் இறங்கலன்னா ஈறு ஆறாது. ரெண்டும் கூட்டுச் சேந்துக்கிச்சும்மா," என்றவர், கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மனசு எப்படி இருக்கு?"

வாயில் பஞ்சோடு அக்கா அழுதாள்.

(வாய்க்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், மனதுக்கு ஒருவர். இது எதுவும் உடம்புக்குத் தெரியாது.)

4

டாக்டரம்மாதான் கதாநாயகி என்று நினைத்திருந்தேன். மாமா குறுக்கே வந்துவிட்டார்.

டாக்டரம்மா அனுப்பிவைத்த மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்றார்கள். அதுவரை? வாஷ்பேசின் முன்னால் நிற்கக்கூட அக்காவுக்குத் தெம்பில்லை. மாமா தன் தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து அங்கே போட்டார். பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, தானும் தேய்த்தார்.

"நுரையோட பேசாதீங்க, ஒண்ணும் புரியல."

"நல்லதாப் போச்சு. உன்னைத்தான் திட்டிட்டிருக்கேன்."

அக்கா சிரித்தாள், ரத்தமும் நுரையுமாக. நான் பார்த்ததிலேயே அழகான சிரிப்பு. (இந்த வரியை வெட்டச் சொல்வார்கள். மாட்டேன்.)

மாமாவைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் நாற்காலிதானடா போட்டேன்? எந்திரிச்சு வந்து உட்காந்தவ அவதானே?"

5

ஈறைச் சுத்தம் செய்தார்கள். ஒரு பல் போனது, மற்றவை தங்கின. சர்க்கரை மெல்ல இறங்கியது. பொய்ப்பல்லோடு அக்கா மறுபடி மைக் முன் உட்கார்ந்தாள்.

முதல் முடிவு: நடைமேடையில் நின்று அவள் குரலைக் கேட்கிறேன். சுபம்.

"சுபம்னு போடாத," என்றாள் அக்கா. "அது திரும்ப வரலாம். வந்தா என்ன பண்ணணும்னு இப்ப தெரியும். அவ்ளோதான்."

இரண்டாவது முடிவை எழுதத் தொடங்கியபோது மாமாவின் ஃபோன். "இன்னைக்கு அவளால எந்திரிக்க முடியல. ஆனா அவளே சொல்றா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு. நீ வர்றியா?"

கிளம்புகிறேன். முடிவு உங்கள் கையில். அவசரப்படாதீர்கள், அவள் முகம் கழுவிக்கொண்டு வரட்டும்.