ஒரு மூச்சு, எட்டு வாய்

"டம்ளரைக் கீழ வை!"

மாமியாரின் அதட்டலில் மருமகள் டம்ளரை வாயிலிருந்து இறக்கினாள். படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமனார் குடித்து மீந்த பால், அடியில் ஒரு மடக்குதான் இருந்தது.

"மயக்கமா வருது அத்தை. உடம்புல ரத்தமே இல்ல, பால் குடின்னு டாக்டரம்மா..."

"அவளா வாங்கித் தரப் போறா? வயித்துல இருக்கறது போனா இன்னொண்ணு பொறக்கும். பென்ஷன் பொறக்குமா?"

அந்த வீட்டில் மாமனாரை நம்பி எட்டு வாய்கள். நூற்பாலை மூடியதும் மகன்கள் இருவரும் வேலை தேடிக் கால் தேய்ந்தார்கள், தேய்ந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். மிஷின் ஓட்டிய கை மண் சுமக்குமா என்பது அவர்கள் கட்சி. மூத்தவன் மனைவி தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்ததும் சூப்பர்வைசர் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். நாலு பெண்ணுக்குப் பிறகு இது ஐந்தாவது. பேர் சொல்ல ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று மாமியார் பிடித்த பிடிவாதம்.

மிச்சம், துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனிக்குக் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனாரின் பென்ஷன். அவர் மூச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும்; மனைவிக்குப் பாதி கொடுக்கும் வழக்கம் அந்தக் கம்பெனியில் இல்லை.

அன்று சாயங்காலம் பாலைக் கண்டதும் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்குக் குடு. எனக்குப் போதும்."

"போதும்னு சொல்ல நீங்க யாரு? நீங்க போயிட்டா நாங்க மண்ணையா திங்கறது? டேய், கையைப் புடிங்கடா!"

மகன்கள் ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்தார்கள். மாமியார் அவர் மூக்கை அழுத்திப் பாலை ஊற்றினாள். கிழவர் ஒருமுறை இருமினார். கண்கள் மேலே செருகின. மருமகள் ஓடிவந்து நிமிர்த்தி முதுகைத் தட்டினாள். மூச்சு திரும்பவில்லை.

மறுநாள் பிணத்தை எடுத்த பிறகும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு மனசு ஆறவில்லை.

"கடைசி வாய் வரைக்கும் தன் கையால பால் குடுத்தா. புருஷன்மேல அவ்வளவு உசுரு!"

அவர்கள் போனதும் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் சுருண்டிருந்த மூத்த பேத்தியைப் பார்த்தாள். பன்னிரண்டு வயது.

"திங்கக்கிழமையிலேருந்து இவளைக் கம்பெனிக்கு அனுப்பு. வயசைக் கூட்டிச் சொன்னா எடுத்துக்குவாங்க."

"அவ பள்ளிக்கூடம் போவா அத்தை."

"அப்ப யாருடி சம்பாதிக்கிறது?"

மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"மாமாவை அமுக்கிப் புடிச்சுதே, அந்த நாலு கையும் நல்லாத்தானே இருக்கு? அதை அனுப்புங்க."

மூத்தவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அவள் மகளை முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.