ஒரு கிள்ளு மாவு

இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு தூள் உப்பு, பிசையத் தண்ணீர். வாயில் வைத்தால் துப்பத்தான் வேண்டும். இது தின்பதற்கல்ல, மரத்தில் தொங்கவிட. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் இருக்கும்போதே அந்த வீட்டு அம்மாக்காரி உப்பு மாவைத் தட்டையாகத் தேய்த்து, பிள்ளையின் கையை அதில் அழுத்தி அச்செடுப்பாள். ஸ்ட்ராவால் மேலே ஒரு ஓட்டை போடுவாள். ஓவனில் இளஞ்சூட்டில் காயவைத்தால் ஓடு மாதிரி இறுகிவிடும். அதில் சிவப்பு ரிப்பன் கோத்து மரத்தில் மாட்டுவாள். வருஷத்துக்கு ஒரு கை. பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

அந்தப் பெட்டியில் பெரியவனின் கை ஒன்றே ஒன்று. நாலு வயதில் பதித்தது. அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை, காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அப்போது சின்னவள் வயிற்றில். இப்போது அவளுக்கு ஏழு.

உப்பு மாவு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். மூன்று வருஷம் முன்பு பெட்டியைத் திறந்தபோது பெரியவனின் சுண்டுவிரல் பக்கம் பொடிந்திருந்தது. அம்மாக்காரிக்கு உயிரே போய்விட்டது. சின்னவளுக்காகப் பிசைந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து, தண்ணீர் தொட்டு அப்பிச் சரிசெய்தாள். அடுத்த வருஷமும் ஒரு கிள்ளு. போன வருஷம் ஒரு பிடி. அச்சு கொஞ்சம் அகன்றாற்போலத் தெரிந்தது. ஒட்டுப்போட்டால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். பெற்றவள் இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பாளா?

தையல்தான் அவள் பிழைப்பு. தெருவில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் உடுப்பையும் வருஷா வருஷம் மடிப்புப் பிரித்து நீளம் இறக்கித் தருகிறவள். இந்த வருஷம் சொந்த மகளின் தோளில் டேப்பை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தோள், கை, உயரம் எதுவும் மாறவில்லை. போன வருஷத்துக் கவுன் கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கு முந்தைய வருஷத்துக் கவுனும்தான். “மெதுவா வளரட்டும், துணி மிச்சம்” என்று போன வருஷம் சிரித்தவள்தான் அவள்.

“டாக்டர்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே? உங்க வீட்ல யாரு கொடிக்கம்பம் மாதிரி வளந்துட்டாங்க?” என்றான் கணவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள், வாயும் ஏழு ஊருக்குக் கேட்கிறது. வளர்வது மட்டும் இல்லை. இவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று ராத்திரியில் எழுந்து பிள்ளையின் மூச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஓவனில் நட்சத்திர பிஸ்கட் வெந்துகொண்டிருந்தது. வெண்ணெயும் பட்டையும் வீடெல்லாம் மணந்தன. சின்னவள் ஸ்டூல்மேல் ஏறி நின்று, மூக்கில் மாவோடு பெட்டியைப் பிரித்தாள். போன வருஷத்து அச்சில் கையை வைத்தாள். பொருந்தியது. அதற்கு முந்தினதிலும் பொருந்தியது.

“அம்மா, நான் வளரவே இல்ல!” என்று ஏதோ பரிசு கிடைத்த மாதிரி கத்தினாள். பிறகு பெரியவனின் அச்சை எடுத்தாள். “இங்க பாரேன், அண்ணன் கைக்குள்ள என் கை தொலைஞ்சே போச்சு.”

நாலு வயதுப் பையனின் கை. அம்மாக்காரி மெல்லத் தன் கையை அதில் வைத்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. இருந்திருந்தால் அவனுக்கு இப்போது பன்னிரண்டு. பிடரி சிலிர்த்தது. ஆனால் முதலில் வந்தது பயமல்ல, சொன்னால் அடிக்க வருவீர்கள், சந்தோஷம். ஐயோ, என் பிள்ளை வளர்ந்திருக்கிறான்!

அச்சின் அடிப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தது. அதன் ஓரத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விரிசல் ஓடியது.

“அவனுக்கு மாவு வேணுமாம்,” என்றாள் சின்னவள்.

“யாரு சொன்னா?”

“அண்ணன்தான். கை வெச்சா பேசுவானே. இந்தத் தடவை நெறைய வேணுமாம்.” தன் பங்கு உருண்டையை அப்படியே நீட்டினாள். “எனக்கு வேணாம்மா. முழுசும் அவனுக்கே குடுத்துடு.”

நீட்டிய அந்தக் கை எவ்வளவு சின்னது! அம்மாக்காரி உருண்டையைப் பிடுங்கி மகள் கைக்குள்ளேயே திணித்தாள். “இது உன்னோடது. யாரு கேட்டாலும் குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத!”

பிஸ்கட் அரை வேக்காட்டில் கிடக்க, அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வாளியில் வெந்நீர் பிடித்தாள். அச்சை உள்ளே அமிழ்த்தித் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். உப்பு மாவு தண்ணீரில் கரைய வெகு நேரம் ஆகாது. ஆனால் கரைவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்திலிருந்து விரல்கள் எழுந்து அவள் விரல்களைக் கோத்துக்கொண்டன. சாலையைக் கடக்கும்போது அவன் பிடிப்பானே, அதே பிடி. அவளும் விடாமல் பிடித்துக்கொண்டாள். பெற்ற வயிறு, சும்மா விடுமா?

வெளியே சின்னவள் கதவைத் தட்டினாள். “அம்மா, பிஸ்கட் கருகுது!”

வாசல்வரை வந்து யாரை அனுப்பினாலும் ‘போயிட்டு வா’ என்றுதான் அவள் வாயில் வரும். இப்போதும் அதுதான் வந்தது. பாதியிலேயே விழுங்கினாள்.

“போடா கண்ணா,” என்றாள். “போ.”

பிடி இறுகியது. பிறகு ஒவ்வொரு விரலாக விட்டது. வாளியில் வெறும் கலங்கல் தண்ணீர். அதன்மேல் சிவப்பு ரிப்பன் மிதந்தது.

அந்த வருஷம் மரத்தில் கருகின நட்சத்திரங்களும் சின்னவளின் கைகளும் மட்டும்தான் தொங்கின. கணவன் ஒருமுறை கிளைகளைத் தேடிப் பார்த்தான்; மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தான்.

கிறிஸ்துமஸ் அன்று காலை கோயிலுக்குக் கிளம்பும்போது சின்னவள் நொண்டிக்கொண்டே வந்தாள். “அம்மா, ஷூ கடிக்குது.”

அம்மாக்காரி தரையில் உட்கார்ந்து போன வருஷத்து ஷூவைக் கழற்றினாள். கட்டைவிரல் நுனி சிவந்து கன்றியிருந்தது. அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சின்னவள் பயந்துபோனாள். “ஷூதானேம்மா,” என்றாள்.