பதினாலாம் நம்பர் கேமரா

அந்தச் சரணாலயத்தில் நாற்பது கேமராக்கள். மரத்தில் கட்டிவிட்டால் போதும், எதிரே எது அசைந்தாலும் படம்பிடித்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிவிடும். படங்களைப் பார்த்து மிருகங்களைக் கணக்கெடுக்கிறவள் அக்கா. வனக்காவலனாகக் காட்டைச் சுற்றுகிறவன் அவள் தம்பி. ஆறடிக்கு மேல் வளர்ந்த உடம்பு, அதனால் எல்லோருக்கும் நெட்டையன்.

நெட்டையனுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். கேமராவைக் கடக்கும்போதெல்லாம் நாக்கைத் துருத்திக் காட்டுவான்.

"உன் மூஞ்சியப் பார்க்கவா கேமரா வச்சிருக்கேன்? ஒழுங்கா நடந்து போடா."

"இருக்கட்டும்க்கா. என்னைக்காவது காட்டுல மாட்டிக்கிட்டேன்னா உன் கேமரா முன்னாடி வந்து உக்காந்துக்குவேன். வயர்லெஸ்ஸ விட உன்னைத்தான் நம்பலாம்."

போன மாதம் ஒரு வம்பு. விறகு பொறுக்க வந்த பெண்களின் படங்கள் எப்படியோ வெளியே போய், ஊரே கொதித்தது. இனி மனிதர் படம் வந்தால் யார் கண்ணிலும் படாமல் கணினியே அழித்துவிட வேண்டும் என்று சண்டை போட்டு விதியைக் கொண்டுவந்தவள் அக்காதான். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற தம்பியிடம் ஊர்க்கதையெல்லாம் பேசியவள், இதை மட்டும் சொல்லவில்லை. தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை, கிழக்கு ஓடைக்குப் போவதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை. முப்பது பேர் கிழக்குப் பக்கத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். அக்கா கிழக்கில் இருந்த பன்னிரண்டு கேமராக்களுக்கு மட்டும் அழிப்பதை நிறுத்திவைத்துவிட்டு, வந்த படத்தையெல்லாம் கண் எரிய எரியப் பார்த்தாள். தேடப் போனவர்களின் முகங்கள்தான் வந்தன. மேற்கை யார் நினைத்தார்கள்!

வெள்ளிக்கிழமை காலை நிலைய இயக்குநர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதம்மா. வாராந்தர அறிக்கை போகணும். மேலிடத்துல நச்சரிக்கிறாங்க."

"என் தம்பியக் காணோம், இவங்களுக்குக் கரடிக் கணக்கு வேணுமாக்கும்!"

வாய்விட்டே திட்டிக்கொண்டு, மேற்குக் கேமராக்களுக்குக் கணினி போட்டு வைத்திருந்த கணக்கைத் திறந்தாள். பன்றி பதினொன்று. மிளா மான் ஆறு. பதினாலாம் நம்பரில் கரடி ஒன்று, வியாழன், பகல் பன்னிரண்டரை மணி. உச்சி வெயிலில் எந்தக் கரடி உலாத்தும்? இந்தக் கணினிக்குக் கண் அவிந்துவிட்டதா என்று படத்தைப் பெரிதாக்கினாள்.

காக்கிச் சட்டை. இரண்டு கைகளையும் ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்தான். ஒரு கால் பின்னால் துவண்டு கிடந்தது. முகம் நேராகக் கேமராவைப் பார்த்தது.

அழித்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். பதினாலாம் நம்பர், மனிதர், இருநூற்றுப் பதினேழு படங்கள். திங்கள் சாயங்காலத்தில் தொடங்கி வியாழன் காலை வரை. பாவி மகன், உட்கார்ந்து உட்கார்ந்து கையை ஆட்டியிருக்கிறான். மனிதன் என்று தெரிந்த வரைக்கும் கணினி அவனை அழித்தது. நிமிர முடியாமல் போன பிறகு கரடி என்று நம்பி வைத்துக்கொண்டது.

"மேற்கு! பதினாலாம் நம்பர்! எல்லாரையும் மேற்கே வரச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினாள்.

மரத்தடியில் குப்புறக் கிடந்தான். இடுப்பில் உடைந்த வயர்லெஸ், அதன் பக்கத்திலேயே செருகியிருந்த, வேட்டைக்காரன் வைத்த கம்பிக் கண்ணி. கிழக்கே போகிற வழியில் அதைக் கண்டெடுத்து, வைத்தவனின் தடத்தைப் பிடித்து மேற்கே வந்திருக்க வேண்டும். ரேஞ்சர் குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"உடம்புச் சூடு இன்னும் போகலம்மா. காலைல வரைக்கும் உயிர் இருந்திருக்கு."

அவள் தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பாறையிலேருந்துதான் விழுந்திருக்கான்," என்றார் ரேஞ்சர். "ஒண்ணுதான் புரியல. பாறைக்கு அந்தப் பக்கம் நூறடியில ஜீப் ரோடு. அங்க போயிருந்தா மறுநாளே யாராவது பார்த்திருப்பாங்க. ஒடிஞ்ச கால இழுத்துக்கிட்டு இவ்வளவு தூரம் காட்டுக்குள்ள எதுக்கு வந்தான்?"

அக்கா மரத்தில் கட்டியிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரோட்டுல போறவன் பார்க்காமப் போயிடுவான், அக்கா பார்த்துடுவான்னு வந்தான் சார்," என்றாள். "நான் பார்க்கலையே."