மட்ச் முடியுமட்டும்

இந்திராதேவி மூன்றாம் மாடிக்கு ஏறி முடிக்கும் முன்பே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். தாட்சாயினி கதவைத் திறந்ததும் திறவாததுமாக அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

“அன்ரி, அழாதேங்கோ. மட்ச் முடியுமட்டும் இந்த வீட்டிலை ஒருத்தரும் அழக்கூடாதாம். அம்மாவின்ரை ஓடர்.”

“ஆற்றை மட்ச்?”

“தம்பியின்ரை. அவனுக்கு இன்னும் சொல்லேல்லை.”

கீழே சேலைக்கடை நடத்தும் இந்திராதேவி பாரிசின் லா ஷப்பலில் எத்தனையோ செத்தவீடு பார்த்தவள். அழத் தடைபோட்ட செத்தவீட்டை இப்போதுதான் பார்க்கிறாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். தாட்சாயினியின் அப்பா தவரத்தினம் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடல் அங்கேதான் இருக்கிறது, திங்கட்கிழமைதான் பார்வைக்கு விடுவார்கள். அவருடைய படமும் விளக்கும் படுக்கையறையில் இருந்தன. தம்பி லவன் வீடியோவில் கூப்பிட்டால் கண்ணில் படக்கூடாது என்று அம்மா யோகராணிதான் அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

மத்தியானம் அவன் கூப்பிடத்தான் செய்தான். யோகராணி முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, சிரித்துக்கொண்டே பேசினாள்.

“அப்பா நித்திரையடா. மருந்து குடிச்சவர். எழும்பினதும் மட்ச் பாப்பார்.”

தாட்சாயினி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் அவள் தாயைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, பிறகு தெரிஞ்சால் தம்பி உங்களோடை கதைக்கவே மாட்டான். என்னோடையும்தான்.”

“கதைக்காமல் இருக்கட்டும். அந்த மனுசன் கடைசியாக் கேட்டது அது ஒண்டுதான். அவன் எறிஞ்சு முடிக்கட்டும், பிறகு சொல்லுங்கோ எண்டு. வீட்டிலை அழுகைச் சத்தம் கேட்டால் அவன்ரை கை சோர்ந்துபோம்.”

ஆறாயிரம், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கை எப்படிச் சோரும் என்று தாட்சாயினி கேட்கவில்லை. படித்து, சென் தெனி நகரில் கந்தோர் உத்தியோகம் பார்ப்பவள்தான், ஆனாலும் அன்று அவளுக்கும் பயமாகவே இருந்தது.

பயப்படக் காரணம் இருந்தது. லவன் பந்து எறியத் தொடங்கியது 2009இல். ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, அப்பா வேலை முடிந்த கையோடு ஊர்வலங்களில் போய் நின்ற மாதங்கள் அவை. பன்னிரண்டு வயதுப் பையனை வீட்டில் பூட்டிவைக்க முடியாமல், கூடப் படித்த பிலிப்பின் தகப்பனோடு பேஸ்பால் கிளப்புக்கு அனுப்பினார்கள். ஊரில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்குப் பந்து போட்ட தவரத்தினம் முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “கையை மடக்கியெல்லோ எறியிறான். எங்கடை ஊரிலை நோ போல் எண்டு கலைச்சுவிடுவாங்கள்.” பிறகு அவரே உணவகச் சமையலறையில் இரண்டு நேர வேலைக்கு நடுவில் ஓடிவந்து, பெரிய கையுறை மாட்டிக் குந்தியிருந்து அந்த நோ போல்களைப் பிடித்தார். பதினெட்டு வயதில் அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவனை எடுத்தது. இரண்டாம் வருடம் முழங்கைத் தசைநார் அறுந்து, வெட்டித் தைத்து, ஒரு வருடம் முழுக்கப் பந்தைத் தொடாமல் இருந்தான். மறுபடி எறியத் தொடங்கியபோது முன்னைய வேகம் இல்லை. அதை அவன் எப்படியோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். இன்று கல்லூரியில் கடைசி மட்ச். தொழில்முறை அணிகளின் ஆட்கள் அந்த முழங்கையைப் பார்க்கவென்றே வந்திருக்கிறார்கள். தாங்கினால் எடுப்பார்கள். தாங்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாரிசுக்கு வரவேண்டியதுதான்.

பின்னேரம் ஏழு மணிக்கு மடிக்கணினியில் மைதானம் தெரிந்தது. வெளியே இன்னும் நல்ல வெயில். அப்போதுதான் இந்திராதேவி தாட்சாயினியின் காதுக்குள் சொன்னாள்.

“நல்ல படம் போட்டிருக்கிறியள் பிள்ளை. இன்ரர்நெற்றிலை பாத்திட்டுத்தான் ஓடிவந்தனான்.”

“எந்தப் படம்?”

அவள் போனில் காட்டினாள். மரண அறிவித்தல். கோட்டுப் போட்ட அப்பா, பக்கத்தில் எரியும் விளக்கு. கீழே, லவன் அமெரிக்கா, தாட்சாயினி பிரான்ஸ் ஆகியோரின் அன்புத் தந்தையும் என்று பெயர்கள். தாட்சாயினி போனைத் திருப்பிக் கொடுத்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாரிசுக்கு வெளியே ஓல்னேயில் இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

“சித்தப்பா, அறிவித்தல் நீங்களே குடுத்தனீங்கள்?”

“ஓம் பிள்ளை. குடுக்காட்டில் சனம் என்ன சொல்லும்? கனடாவிலையிருந்து எல்லாரும் போன் எடுக்கினம்.”

“தம்பிக்குச் சொல்லக்கூடாதெண்டு அம்மா காலமையே சொன்னவ.”

“அவனுக்கு ஆர் சொன்னது? அவன் தமிழ் வாசிக்கமாட்டான்தானே.”

“படம் வாசிக்கத் தமிழ் தேவையில்லை, சித்தப்பா. எடுங்கோ அதை.”

“எடுக்கச் சொல்லுறன். ஆனால் மத்தியானம் போட்டது, பாக்கிற ஆக்கள் பாத்திட்டினம்.”

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவர்கள் எல்லாரும் இப்போது கணினியைப் பார்த்தபடி இருந்தார்கள். பேஸ்பாலில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எதிரணி மட்டைக்காரன் வெறுங்கையோடு திரும்பினால் நல்லது என்பது மட்டும் விளங்கியது. அப்படித்தான் ஒவ்வொருவனாகத் திரும்பிக்கொண்டிருந்தான். லவன் நிலத்தைப் பார்ப்பான், நிமிர்வான், எறிவான். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. சிரித்து விளையாடும் பிள்ளை அவன்.

ஏழாவது சுற்றில் பயிற்சியாளர் மைதானத்துக்குள் நடந்து வந்தார். லவனுக்குப் பக்கத்தில் நின்று, தொப்பியால் வாயை மறைத்து ஏதோ கேட்டார். லவன் பந்தைப் பின்னால் ஒளித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினான். பயிற்சியாளர் அவன் கழுத்தில் கையை வைத்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

வர்ணனை செய்பவர் குரலைத் தாழ்த்தினார். அந்த அறையில் ஆங்கிலம் விளங்கியவள் தாட்சாயினி ஒருத்திதான். இந்தப் பையனுடைய தந்தை இன்று பாரிசில் இறந்துவிட்டார் என்றார் அவர். மட்ச் தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் பையனுக்குத் தெரியவந்ததாம். மைதானத்தில் இறங்கவேண்டாம் என்று பயிற்சியாளர் சொல்லியும், எறிந்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று நின்றானாம்.

இந்த வீட்டில் விடியற்காலையிலிருந்து இத்தனை பேர் மூச்சை அடக்கி எதைக் காத்தார்களோ, அது ஏற்கெனவே அவன் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எறிகிறான்.

“என்னவாம் சொல்லுறான்?” என்றாள் யோகராணி.

கால்மணி நேரமோ அரைமணி நேரமோ அம்மா தாங்க வேண்டும். அப்பா கேட்டது அவ்வளவுதான்.

“நல்லா எறியிறானாம், அம்மா.”

“கை நோகுதாமோ?”

“இல்லையாம்.”

யோகராணி தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். எட்டாவது சுற்றும் போனது. கடைசிச் சுற்றான ஒன்பதாவதில் ஒருவன் பந்தை உயர அடித்தபோது அறையே எழுந்து நின்றது. பந்தைப் பிடித்தார்கள். பிறகு வந்த இருவரும் காற்றில் வீசிவிட்டுக் குனிந்த தலையோடு போனார்கள்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது. வெண்டிட்டாங்கள் அம்மா.”

திரையில் ஒருவரும் துள்ளவில்லை. அவனுடைய அணிக்காரர்கள் மைதானத்தின் மூலைகளிலிருந்து மெதுவாக நடந்து வந்து அவனைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள். தோற்ற அணியும் வரிசையாக வந்து அப்படியே நின்றது. நடுவில் லவன் கையுறையால் முகத்தை மூடியிருந்தான்.

யோகராணி கணினிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“வெண்ட ஆக்கள் ஏன் பிள்ளை துள்ளாமல் நிக்கினம்?”

இந்திராதேவி வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள், பிறகு மறுபடி வைத்துக்கொண்டாள்.

யோகராணி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கடைசியில் மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அறையின் நடுவே வந்து, வெறும் நிலத்தில் காலை நீட்டி இருந்தாள். இரண்டு கைகளையும் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்தாள்.