மஞ்சள் புள்ளி

காரின் முன்பக்க இடது சக்கரம் கழன்று வந்ததும் ஷைனி "ஐயோ!" என்று கத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தெருவில் ஒரு பெண் அப்படிக் கத்தினால் பாம்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் புருஷன் ஸ்டீபனும் அப்படியே நினைத்து, கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். பாம்பெல்லாம் இல்லை. பிரேக் காலிப்பர். சேறும் கறுப்புத் தூளும் அப்பி, சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கைக் கவ்விப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. ஏழு வருடமாக, ஷிப்டுக்கு நானூறு என்று அவள் கையில் ஏறி இறங்குகிற சாமான். அது ஒரு வண்டிக்குள் இருந்து வேலை பார்ப்பதை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். கட்டிக்கொடுத்த பெண் குடித்தனம் நடத்துகிற வீட்டுக்குள் முதல் தடவை காலை வைக்கிற தாயைப் போல, எதைத் தொடுவது எதை விடுவது என்று தெரியாமல் பூரித்துப்போய் நின்றாள்.

சிப்காட் தொழிற்பேட்டையில் பிரேக் செய்கிற கம்பெனியில் ஸ்டேஷன் நாலு அவளுடையது. வெறும் காலிப்பரை எடுத்து அச்சில் உட்கார வைத்து, ரப்பர் சீலைப் போட்டு, அதன் வாயில் பிஸ்டனை வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். மேலேயிருந்து பிரஸ் இறங்கிப் பிஸ்டனை உள்ளே தள்ளும். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்தது. பீஸ் லைனின் கடைசி மேஜைக்குப் போகும். அங்கே சந்திரகலா அக்கா டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். திருப்தியானால் மார்க்கரால் ஒரு மஞ்சள் புள்ளி வைப்பாள். லேசில் வைக்க மாட்டாள். போன மாதம் ஒரே ஷிப்டில் ஷைனியின் பீஸ் பதினொன்றைத் திருப்பி அனுப்பிய மகராசி.

இன்றைக்குப் பெரியபாளையத்தில் லைன் தோழி செண்பகத்தின் மகனுக்குக் காது குத்து. பதினோரு மணிக்கு. சந்திரகலாவும் இன்னொரு லைன் தோழி மோனிகாவும் ஷைனியின் காரில் வருவதாகப் பேச்சு. எல்லோருக்கும் ஒரே ஞாயிறு லீவு கிடைப்பதே அபூர்வம். கார் வாங்கி மூன்று மாதம்தான், செகண்ட் ஹேண்ட். நேற்று சாயங்காலம் பிரேக் பிடித்தபோது இரும்பை இரும்பால் அறுக்கிற சத்தம் கேட்டது; டிஸ்க்கை அழுத்துகிற பேடு தேய்ந்துவிட்டது. மெக்கானிக் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றுவிட்டார். "பேடு வாங்கிக் குடுங்க, நானே மாட்றேன்" என்றாள் ஷைனி.

"நீயா? நீ இன்னா பண்ற அங்க? ரெண்டு பட்டன அமுக்கற. உள்ள தள்றதெல்லாம் மிஷினு."

ஸ்டீபன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பேடையும் வாங்கி வந்து கொடுத்தான். ஆனாலும் அந்தச் சொல் சுருக்கென்று தைத்துவிட்டது. காரணம், சில நாள் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போது அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்ததுண்டு. எல்லாம் மிஷின்தான் என்றால் இந்த ஏழு வருடம் தன் கைக்கு எதைக் கற்றுக்கொடுத்தது? இன்று தெரிந்துவிடும். தன் கையாலேயே தள்ளி, தானே ஓட்டி, அந்த இரண்டு பேரையும் கோயில் வாசலில் இறக்குவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

பழைய பேடு பிஸ்கட் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. புதுசு அதைவிட மூன்று பங்கு தடிமன். பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து நின்றிருந்தது. அதைத் திரும்ப உள்ளே தள்ளினால்தான் புதுசுக்கு இடம். ஸ்டீபன் பெரிய ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் கொடுத்து நெம்பப் போனான்.

"ஏங்க, நிறுத்துங்க! சாய்ஞ்சி போச்சின்னா சீல் கிழிஞ்சிடும். நேரா போவணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, இது தனக்குத் தெரியும் என்று. லைனில் பிஸ்டன் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். இங்கே விளக்கு அவள்தான்.

எதிர்வீட்டில் மர வேலை செய்கிற பச்சையப்பனிடம், பலகையைத் திருகி இறுக்குகிற ஜி கிளாம்பு வாங்கி வந்தார்கள். தேய்ந்த பேடையே பிஸ்டன் மேல் தட்டையாக வைத்து, கிளாம்பால் பிடித்து, திருகினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். கைப்பிடி வழியாக ஏதோ எதிர்த்து நின்றது. கம்பெனியில் காலிப்பர் காலியாக இருக்கும், பிஸ்டன் சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே போகும். இங்கே பின்னால் பிரேக் ஆயில் நிறைந்திருக்கிறது, அதுவும் பதிலுக்குத் தள்ளுகிறது. கால் சுற்று திருகி நிறுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி கால் சுற்று. சட்டென்று விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால்.

"போவுது! ஏங்க, போவுது!"

"மேல ஏறுதுடி! ஆயில் ஏறுது!" பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த ஸ்டீபன் அலறினான். போன வாரம் டேஷ் போர்டில் விளக்கு எரிந்ததென்று, ஆயில் டப்பாவைக் கழுத்துவரை ரொப்பி வைத்த புண்ணியவான் அவன்தான். "ஆயில் பட்டா பெயிண்டு போயிடும், பெயிண்டு!" என்று அவன் குதிக்க, ஷைனி உள்ளே ஓடி மருந்து கொடுக்கிற சிரிஞ்சை எடுத்து வந்தாள். அவன் உறிஞ்ச, அவள் திருக, இரண்டு பேரும் கோயிலில் தேர் இழுப்பவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் ஏவிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் பிஸ்டன் விளிம்போடு விளிம்பாகப் போய் உட்கார்ந்தது. ஷைனிக்கு அழுகை வரும்போல இருந்தது. வலது பக்கம் பாதி நேரத்தில் முடிந்தது. புதுப் பேடுகளை வைத்து, இரண்டு சக்கரத்தையும் திரும்ப மாட்டினார்கள்.

ஒன்பது மணிக்குப் பட்டுப்புடவையில் சந்திரகலாவும் மோனிகாவும் தெருவின் இறக்கத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். கையில் சீர்த் தட்டு. "அக்கா, பாத்துக்கினே இருங்க!" என்று கத்திவிட்டு ஷைனி சீட்டில் பாய்ந்தாள். ஸ்டார்ட் பண்ணினாள். ஹேண்ட் பிரேக்கை விட்டாள். கார் அழகாக உருண்டது. நின்று காட்டலாம் என்று பிரேக்கில் காலை வைத்தாள்.

பெடல் தரை வரைக்கும் போனது. அங்கே ஒன்றுமே இல்லை.

கார் நிற்கவில்லை. சந்திரகலா தட்டோடு ஒதுங்கினாள். ஷைனி இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். கார் முனகிக் குலுங்கி நின்றபோது, குழாயடியில் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் வரிசையாக வைத்திருந்த குடங்களில் முதல் குடம் சாய்ந்து உருண்டுகொண்டிருந்தது.

"அடிப்பாவி! கம்பெனில பிரேக்கு செய்றவன்னு பேரு!" என்றாள் கெங்கம்மாள்.

ஷைனி சீட்டை விட்டு எழவில்லை. பெடலை மறுபடி அமுக்கினாள். கொஞ்சம் தடித்தது. மறுபடி. நாலாவது தடவை கல்லாக நின்றது. அப்போதுதான் விளங்கியது. பிஸ்டனைக் கடைசி வரை உள்ளே தள்ளியாயிற்று. அது திரும்ப வெளியே வந்து பேடைத் தொட வேண்டும். அதற்குத்தான் நாலு அமுக்கு. ஏழு வருடமாக உள்ளே தள்ளி மட்டுமே பழக்கம். வெளியே வருவதை அவள் பார்த்ததே இல்லை. ஸ்டேஷன் நாலுக்குப் பிறகு என்ன நடக்கிறதென்று யாரும் அவளிடம் சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை.

ஸ்டீபன் ஓடி வந்து கையை நீட்டினான். முகம் வெளுத்திருந்தது. "சாவி குடு. ஆட்டோலயே போய்டலாம்."

ஷைனி கொடுக்கவில்லை. கொடுக்காமலிருக்கவும் தைரியமில்லை. சந்திரகலாவைப் பார்த்தாள்.

"எறங்குடி" என்றாள் சந்திரகலா.

தட்டை மோனிகாவிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடாத அந்த அம்மாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பெடலை அழுத்தி, வாய்க்குள் முப்பது வரை எண்ணினாள். பெடல் இறங்கவில்லை. கீழே இறங்கிப் போன் டார்ச்சை அடித்து, சக்கரத்துக்குப் பின்னால் ஆயில் கசிகிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள். அப்புறம் ஷைனியைத் தனியாக ஏற்றி, தெருவில் மூன்று தடவை ஓட்டி நிறுத்தச் சொன்னாள். மூன்று தடவையும் சொன்ன இடத்தில் நின்றது. சந்திரகலா பாராட்டவில்லை. லைனிலும் பாராட்ட மாட்டாள்.

சீர்த் தட்டிலிருந்த மஞ்சளை ஒரு சிட்டிகை எடுத்து, கெங்கம்மாளின் குடத்துத் தண்ணீரில் குழைத்தாள். காருக்குத்தான் வைக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஷைனியின் வலது கையை இழுத்து, கிரீஸ் கறுப்பு ஏறிய புறங்கையில் ஒரு புள்ளி வைத்தாள்.

"இன்னா பாக்கற? மணி ஆவுது, எடு வண்டிய."

பின்சீட்டில் இரண்டு பேரும் ஏறினார்கள். ஸ்டீபன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு முன்னால் ஏறினான். செண்பகம் மகனுக்குத் தாய்மாமன் வாங்கிய கம்மலைப் பற்றி மோனிகா ஆரம்பித்தாள். தெருமுனையில் கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே வந்தது. ஷைனி காலை வைத்தாள். லாரி நீளமாகப் போய்க்கொண்டேயிருந்தது. ஸ்டியரிங் பிடித்த கையில் மஞ்சள் காய்ந்து மெல்ல வெடிக்க ஆரம்பித்திருந்தது. கார் நின்றதே தெரியாமல் மோனிகா கம்மல் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.